மெக்கானிக்கல் முடித்துவிட்டு இயற்பியல், கணிதத்தில் முதுநிலை படிக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.ஈ. மெக்கானிக்கல் இறுதி ஆண்டு. அப்பா மணலியில் ஒப்பந்த ஃபிட்டர். கேள்வி இதுதான்: "எனக்கு மெஷின் டிசைனைவிட ஃபிசிக்ஸும் மேத்ஸும்தான் பிடிக்குது. இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ், அப்ளைடு மேத்ஸ் மாதிரி மாஸ்டர்ஸ் பண்ணலாமா? எங்க பண்றது, வேலை கிடைக்குமா, என் மேத்ஸ் போதுமா? வீட்டுல உடனே வேலைக்குப் போகச் சொல்றாங்க."

படிக்கலாம் தம்பி, தாராளமாக. நானும் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்து, பி.ஈ. முடித்து, பிறகு கணிதத்துக்கு வந்தவன்தான். இப்போது வெப்ப ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் வேலை. ஆனால் எங்கே படிப்பது என்பதை நீங்கள் முதலில் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் கணிதம் போதுமா என்பதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால், எங்கே என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் படித்திருப்பீர்கள். அதில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு கணக்கு உண்டு. 30 செ.மீ. நீளமுள்ள ஒரு கம்பி. ஏ முனை 20 டிகிரியிலும் பி முனை 80 டிகிரியிலும் நிலையான வெப்பநிலை வரும்வரை வைக்கப்படுகின்றன. பிறகு திடீரென்று இரு முனைகளும் 0 டிகிரிக்குக் கொண்டுவரப்படுகின்றன. கம்பியில் வெப்பநிலை என்னவாகும்? மாறிகளைப் பிரித்து, சைன் தொடராக எழுதி, கெழுக்களைக் கண்டுபிடித்து, கடைசி வரியில் ஒரு முடிவிலித் தொடரை எழுதிப் பெட்டி போட்டுவிட்டால் முழு மதிப்பெண். அங்கேயே எல்லோரும் நிறுத்திவிடுகிறோம். முதுநிலைப் படிப்பு அந்தப் பெட்டிக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு இயற்பியல்காரர் அந்த விடையை எப்படிப் பார்ப்பார்? அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆறுவதற்கு எவ்வளவு நேரம்?" என்பதுதான். தொடரின் முதல் உறுப்புதான் மெதுவாகக் குறைகிறது. அதன் கால அளவு, நீளத்தின் வர்க்கத்தை, பை வர்க்கத்தாலும் வெப்பப் பரவல் கெழுவாலும் வகுத்தால் வரும். சாதாரண எஃகுக்கு அந்தக் கெழு வினாடிக்குச் சுமார் 12 சதுர மி.மீ. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 760 வினாடி, அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். செம்புக் கம்பியாக இருந்தால் எண்பது வினாடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது உறுப்பு முதலாவதைவிட நான்கு மடங்கு வேகமாக அடங்கிவிடும், மூன்றாவது ஒன்பது மடங்கு. அதனால் சில நிமிடங்களுக்குப் பிறகு அந்த முடிவிலித் தொடர் முழுக்க வேண்டாம், ஒரே ஒரு சைன் அலை போதும். தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் தொழிற்சாலையில் கேட்பது இதை மட்டும்தான்.

அடுத்து அவர் கேள்வித்தாளின் முதல் வரிக்கே போவார். கம்பியின் பக்கவாட்டில் வெப்பம் வெளியேறாது என்று வைத்துக்கொண்டோமே, அது சரியா? ஒரு செ.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி அசையாத காற்றில் இருந்தால், பக்கவாட்டில் வெப்பம் போவதற்கான கால அளவு பதினைந்து நிமிடத்தை ஒட்டி வரும். முனைகள் வழியாக ஆறும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, புறக்கணிக்கலாம் என்று வைத்துக்கொண்ட ஒன்று, கணக்கில் வைத்திருப்பதற்குச் சமமான அளவில் நிற்கிறது. சமன்பாட்டில் இன்னொரு உறுப்பைச் சேர்க்காமல் அந்தக் கம்பியைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எண்களை வைத்து முடிவு செய்யும் இந்தப் பழக்கம்தான் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

கணிதக்காரர் வேறொரு இடத்தைப் பிடிப்பார். பி முனைக்குப் பக்கத்தில், நேரம் பூஜ்யத்தில், அந்தத் தொடரைக் கூட்டிப் பாருங்கள். கம்பியில் எங்கேயும் 80 டிகிரிக்கு மேல் இல்லை. ஆனால் தொடரில் நூறு உறுப்பு எடுத்தாலும் ஆயிரம் உறுப்பு எடுத்தாலும், முனைக்கு அருகில் சுமார் 94 டிகிரி என்று ஒரு மேடு வந்து நிற்கும். உறுப்புகளைக் கூட்டக் கூட்ட மேடு முனையை நோக்கி நகருமே தவிர, உயரம் குறையாது. இதற்குக் கிப்ஸ் நிகழ்வு என்று பெயர். அப்படியானால் "இந்தத் தொடர் இந்தச் சார்புக்குச் சமம்" என்று நாம் எழுதினோமே, எந்தப் பொருளில் சமம்? இந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாவிட்டால் நீங்கள் கணிதத்தின் பக்கம். ரியல் அனாலிசிஸ், ஃபங்ஷனல் அனாலிசிஸ் என்று இரண்டு வருடம் நீங்கள் படிக்கப்போவது இதற்கான பதிலைத்தான்.

இன்னொன்றும் கேட்பார். இப்போது இருக்கும் வெப்பநிலையை வைத்து, பதின்மூன்று நிமிடத்துக்கு முன் எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியுமா? சமன்பாட்டில் நேரத்தின் குறியை மாற்றினால் போதுமே என்று தோன்றும். ஆனால் முன்னோக்கிப் போகும்போது வேகமாக அடங்கிய உறுப்புகள் எல்லாம் பின்னோக்கிப் போகும்போது அதே வேகத்தில் வீங்கும். பத்தாவது உறுப்பில் உங்கள் தெர்மாமீட்டர் செய்த சின்னப் பிழை, நாற்பதுக்கும் மேற்பட்ட இலக்கம் கொண்ட ஒரு எண்ணால் பெருக்கப்பட்டு வந்து நிற்கும். விடை இருக்கிறதா, ஒன்றே ஒன்றுதானா, தரவில் சிறு மாற்றம் வந்தால் விடையிலும் சிறு மாற்றம்தானா என்ற மூன்று கேள்விகளையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜாக் ஹடமார்ட் முன்வைத்தார். மூன்றாவதில் தோற்றுப்போகும் கணக்குகளை எப்படிக் கையாள்வது என்பது இன்றைக்கு மருத்துவ ஸ்கேன் படங்களிலும் பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதிலும் தினசரி வேலை.

மூன்றாவது ஆள், கணினியில் கணக்கிடுபவர். கம்பியை ஒரு செ.மீ. இடைவெளியில் துண்டு போட்டு, பைத்தானில் இருபது வரி எழுதினால் இந்தக் கணக்கு ஓடிவிடும். நேர இடைவெளி 4 வினாடி வைத்தால் அழகாக ஆறும். 5 வினாடி வைத்துப் பாருங்கள். வெப்பநிலை அடுத்தடுத்த புள்ளிகளில் மேலும் கீழுமாகத் துள்ள ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ஆயிரம், லட்சம் என்று எகிறிவிடும். எழுதிய நிரலில் பிழை ஒன்றும் இருக்காது. இந்த எளிய முறையில் நேர இடைவெளிக்கு ஒரு வரம்பு உண்டு, துண்டின் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து. எஃகுக்கும் ஒரு செ.மீ. துண்டுக்கும் அந்த வரம்பு 4 வினாடியைச் சற்றே தாண்டும். துண்டை ஒரு மி.மீ. ஆக்கினால் 0.04 வினாடி. துண்டின் அளவைப் பாதியாக்கினால் ஒரு பரிமாணத்தில் வேலை எட்டு மடங்கு, முப்பரிமாணத்தில் 32 மடங்கு. இதிலிருந்து தப்பிக்க 1947-இல் கிராங்கும் நிக்கல்சனும் ஒரு முறை கொடுத்தார்கள். அதில் நேர வரம்பு கிடையாது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். லீனியர் அல்ஜீப்ரா உள்ளே வரும் இடம் அது.

கவனியுங்கள், அந்தத் தொகுதியின் மேட்ரிக்ஸுக்கு ஐகன் வெக்டர் கண்டுபிடித்தால், முன்பு எழுதிய அதே சைன் அலைகள்தான் புள்ளி புள்ளியாக வரும். எம் ஒன்னில் (முதல் செமஸ்டர் கணிதம்) படித்த ஐகன் மதிப்பும் எம் த்ரீயில் (மூன்றாம் செமஸ்டர் கணிதம்) படித்த ஃபூரியே தொடரும் ஒரே விஷயம்தான் என்பது நான்கு வருடப் படிப்பில் நமக்கு யாரும் சொல்லாதது. அதே சைன் அலைகள் குவாண்டம் மெக்கானிக்ஸில் பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்கும் வரும். 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு, வெப்பச் சமன்பாட்டில் நேரத்தைக் கற்பனை எண்ணாக்கியது போலத்தான் இருக்கும். பங்குச்சந்தையில் ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கு விலை போட 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை மாறி மாற்றி எழுதினால் மறுபடியும் இதே வெப்பச் சமன்பாடு. பங்குச்சந்தை நிறுவனங்கள் இயற்பியல் படித்தவர்களை எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அப்பாவிடம் கேட்டுப்பாருங்கள், தடிமனான பைப்பை வெல்டு செய்வதற்கு முன் ஏன் சூடேற்றுகிறார்கள் என்று. விரிசல் வராமல் இருக்க என்பார். வெல்டிங்கில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ரோசன்தால் 1940-களில் போட்ட கணக்குப்படி, 30 டிகிரியில் இருக்கும் தடித்த எஃகை 150 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டு வெல்டு செய்தால், 550 டிகிரியைக் கடக்கும்போது ஆறும் வேகம் ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறையும். அதுவும் இந்தச் சமன்பாட்டின் தீர்வுதான்.

இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மூன்று பேரில் நீங்கள் யார் என்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தக் கம்பிக் கணக்கை எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் கடைசிவரை போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் சாப்பாடு மறந்ததோ அந்தப் பக்கம் போங்கள்.

உங்கள் கணிதம் போதுமா என்றால், கை வேலைக்குப் போதும். தொகையிடல், தொடர், லாப்லாஸ் எல்லாம் பி.ஈ. மாணவர்களுக்குச் சரளமாகவே வரும். குறைவது நிரூபணம். "காட்டுக" என்று வந்தால் பயப்படுகிறோம். இதற்கு லீனியர் அல்ஜீப்ராவிலிருந்து தொடங்குவது நல்லது, ரியல் அனாலிசிஸ் அதற்குப் பிறகு. எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்டிராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் இணையத்தில் இலவசம். இயற்பியலுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் ஐ.ஐ.டி.களின் இலவச இணைய வகுப்புத் தளமான என்.பி.டெல்.லில் இருக்கின்றன, கிளாசிக்கல் ஃபிசிக்ஸ், குவாண்டம் ஃபிசிக்ஸ் இரண்டையும் வரிசையாகப் பாருங்கள். பார்த்துவிட்டு மூடாமல், அவர் பலகையில் விட்டுப்போகும் இடைப்படிகளை நோட்டில் போட்டு முடிக்க வேண்டும். நோட்டில் போடாமல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினால் ஒரு பலனும் இல்லை. சர் தியாகராயா கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பி.எஸ்சி. படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நிலைமை இதற்கு நேர்மாறு. நிரூபணம் கைவசம் இருக்கும், கணினியில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பைத்தானிலிருந்து ஆரம்பியுங்கள்.

தனியாகப் படிக்காதீர்கள். நம் பக்கத்தில் ராமானுஜனைத் தனியொரு மேதையாகவே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். அவர் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, அதே அலுவலகத்தில் எஸ். நாராயண ஐயர் என்ற கணிதம் தெரிந்த மேலதிகாரி இருந்தார். ராமானுஜன் எழுதுவதை உட்கார்ந்து படித்து, கேள்வி கேட்டு, வெளியே எடுத்துப் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நமக்கும் அப்படி ஒரு ஆளாவது வேண்டும், வாரம் ஒரு முறை நம் நிரூபணத்தில் ஓட்டையைக் காட்ட. ராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டில் இடம் இல்லை, சத்தம் என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் உண்டு.

சரி, எங்கே படிப்பது? இந்தியாவில் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் என்ற பெயர் பெரும்பாலும் பி.டெக். படிப்புக்குத்தான், சென்னை, மும்பை, டெல்லி ஐ.ஐ.டி.களில் இருக்கிறது. முதுநிலையில் அந்தப் பெயரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைப் பாருங்கள். கணிதக்காரராக உங்களைக் கண்டுகொண்டால், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கணிதம், அல்லது சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தின் தனி நுழைவுத்தேர்வு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில்தான் (பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்) முக்கியக் கவனம். இயற்பியல் என்றால் ஜாம் எழுதி எம்.எஸ்சி. இயற்பியல். பி.ஈ. படித்தவர்களை எந்தத் துறை எடுக்கும், இளநிலையில் எத்தனை செமஸ்டர் இயற்பியல் கேட்கும் என்பது ஐ.ஐ.டி.க்கு ஐ.ஐ.டி. மாறும். அந்த வருடத் தகவல் கையேட்டை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கணினிப் பக்கம் என்றால் பொறியியல் முதுநிலைக்கான கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழிதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் அண்ட் டேட்டா சயின்ஸ் எம்.டெக். இருக்கிறது, நான் மேலே சொன்ன மூன்றாவது ஆளின் வேலை அங்கே பாடமாகவே நடக்கும். கேட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, வீட்டில் பேசுவதற்கு அது பெரிய பலம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எனவே இந்த வருடம் எழுதிவிட்டு, ஒரு வருடம் வேலைக்குப் போய்க் கொஞ்சம் பணம் சேர்த்துவிட்டும் சேரலாம். வேலைக்குப் போனால் படிப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சிமுலேஷன் சம்பந்தப்பட்ட வேலையாகப் பார்த்துச் சேருங்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் அந்தப் பெயரிலேயே முதுநிலை இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் கே.டி.எச்., மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் உண்டு. ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். மியூனிக்கில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு, முதுநிலைக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. கட்டணம் இல்லாத பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். இயற்பியல் துறைகள் இளநிலையில் குவாண்டம், ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ் படித்தீர்களா என்று பார்ப்பார்கள், மெக்கானிக்கல் மார்க்‌ஷீட்டில் அது இருக்காது. ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலை உங்கள் மார்க்‌ஷீட்டோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். எம்.எஸ்சி. முடித்ததும் கேம்பஸில் வரிசையாக நிறுவனங்கள் வந்து நிற்காது, எம்.டெக்.குக்கு அந்த வசதி அதிகம். எம்.எஸ்சி.யோடு நிரல் எழுதத் தெரிந்திருந்தால் வாகனம், செமிகண்டக்டர், மருத்துவக் கருவி, நிதி என்று பல பக்கம் கதவு திறக்கும். தெரியாவிட்டால் பி.எச்டி., கற்பித்தல் இரண்டுதான் மிஞ்சும். கல்பாக்கத்திலும் மும்பையிலும் அணுசக்தித் துறை நடத்தும் ஒரு வருடப் பயிற்சித் திட்டத்துக்கு பி.ஈ., எம்.எஸ்சி. இரண்டு தரப்பும் விண்ணப்பிக்கலாம். பயிற்சியின்போதே உதவித்தொகை கொடுத்து, முடித்ததும் விஞ்ஞானி பணி. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பார்கள், மெக்கானிக்கலுக்கு மேல் எம்.எஸ்சி. அங்கே இடிக்கும். மருத்துவ இயற்பியலும் அப்படித்தான், அது இளநிலையில் இயற்பியல் படித்தவர்களுக்கான வழி.

கடைசியாக ஒரு காகித வேலை, இதை இந்த வாரமே செய்யுங்கள். ஜாம், கேட் இரண்டுக்கும் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம் திறக்கும், தேர்வு பிப்ரவரியை ஒட்டி வரும். நம் மாநிலத்தில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்தந்த நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். நல்ல ரேங்க் எடுத்தும் இந்த ஒரு தாளுக்காக இட ஒதுக்கீட்டு இடத்தை விட்ட பிள்ளைகளை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, தாசில்தார் அலுவலகத்தில் எந்த மேசையில் நிற்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.